கோல் அடித்தவர் பெயர் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

பெண்கள் கால்பந்து பற்றி நம் பத்திரிகைகளில் வருவதே அபூர்வம், வந்தாலும் கோல் அடித்தவர் பெயரோடு செய்தி முடிந்துவிடுகிறது. 2025 யூரோ கோப்பையை இங்கிலாந்து ஜெயித்தபோதும் கடைசி பெனால்டியை அடித்த க்ளோயி கெல்லியின் படத்தைத்தான் எங்கும் பார்த்தேன். சரி, தப்பில்லை. ஆனால் வலது ஓரத்தில் எதிரணியைத் தடுக்கும் ரைட் பேக் ஆடிய லூசி பிரான்ஸைப் பற்றி நாலு வரி எழுதக்கூடாதா?

பிரான்ஸ் என்றதும் நாட்டை நினைக்க வேண்டாம், அது குடும்பப் பெயர். இங்கிலாந்தின் வடகோடியில் பையன்களோடு ஆடி வளர்ந்தவர். பெண் பிள்ளைகள் குறிப்பிட்ட வயதுக்கு மேல் பையன்கள் அணியில் ஆடக்கூடாது என்ற விதியால் வெளியே வர வேண்டியதாயிற்று. அப்புறம் எவர்ட்டன் கிளப்புக்கு ஆடிய காலத்தில், லீட்ஸில் கல்லூரிப் படிப்பு, கைச்செலவுக்குப் பீட்சா கடையில் வேலை. வேடிக்கை என்னவென்றால் 2017இல் நிஜமாகவே பிரான்ஸ் நாட்டுக்கு, லியோன் அணிக்குப் போய்த்தான் உச்சத்தைத் தொட்டார். அங்கே ஐரோப்பியக் கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் கோப்பை 3, பிறகு பார்சிலோனாவில் 2. ஐரோப்பாவின் சிறந்த வீராங்கனை விருது 2019இல் முதன்முறையாக ஒரு டிஃபெண்டருக்கு, அதாவது தடுப்பாட்டக்காரருக்குப் போனது என்றால் அது இவருக்குத்தான். மறு ஆண்டு உலகின் சிறந்த வீராங்கனைக்கான ஃபிஃபா விருதும் வந்தது.

அந்த யூரோ தொடர் முழுக்க அவர் கால் எலும்பில் முறிவோடு ஆடினார் என்பது, இறுதிப்போட்டி முடிந்து அவரே சொன்ன பிறகுதான் வெளியே தெரிந்தது. காலிறுதியில் ஸ்வீடன் 2-0 என்று முன்னால் போய்விட்டது. 79ஆவது நிமிடத்தில் தலையால் முட்டி முதல் கோலைத் திருப்பியவர் இவர்தான், ஆட்டம் சமனாகி, பெனால்டி உதைத்து முடிவு காணும் ஷூட் அவுட் வருவதற்கு முன் தன் காலுக்குத் தானே கட்டுப் போட்டுக்கொண்டவரும் இவர்தான், 14 பேர் உதைத்து 5 மட்டுமே உள்ளே போன அந்தக் கூத்தில் கடைசியாக வலைக்குள் போன பந்தும் இவருடையதுதான். முறிந்த காலோடு ஆடியதை நான் மெச்சவில்லை, என் மகளாக இருந்தால் கையோடு வீட்டுக்குக் கூட்டி வந்திருப்பேன்.

எனக்குப் பெரிதாகப் படுவது அந்தக் கால் இல்லை, பத்துப் பன்னிரண்டு வருடமாக எதிரணியின் வேகமான ஆட்டக்காரியை ஓரத்திலேயே மடக்கி வைத்த வேலை. டிஃபெண்டர் ஒழுங்காக ஆடினால் ஒன்றுமே நடக்காது, நடக்காததை எப்படிச் செய்தியாக்குவது என்று கேட்பீர்கள். கிரிக்கெட்டில் ரன் கொடுக்காத ஓவரை மெய்டன் என்று எண்ணிப் போடுகிறீர்களே! அதே மாதிரி, அடுத்த போட்டியின் செய்தியில் யார் யாரை மடக்கினார் என்று ஒரு வரி சேருங்கள்.

வாசகர்,
திருச்சி