ஐந்தாமவரிடமிருந்து தொடங்குங்கள்

அமெரிக்கக் கல்லூரி கிராஸ் கன்ட்ரி ஓட்டப் போட்டிகளின் முடிவைக் கணித்து எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

அக்டோபர் பாதி தாண்டினால் போதும், உங்கள் கணிப்புகள் வரத் தொடங்கிவிடும். எந்த டீம் முதலில், எது இரண்டாவது, தனிநபர் வெற்றி யாருக்கு என்று நீங்கள் போடும் பட்டியல்களை ஒன்றுவிடாமல் படிப்பவன் நான். நானும் கணிப்பவன்தான். கான்ஃபரன்ஸ் (ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்திருக்கும் கல்லூரிகள்) போட்டிக்கு முதல்நாள் இரவு பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டில் எழுதிவைத்து, மறுநாள் மாலை சிவப்புப் பேனாவால் சரிபார்ப்பது பல வருடப் பழக்கம். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

கேட்க வந்தது இதுதான். பட்டியல் போடும்போது ஒவ்வொரு டீமிலும் ஐந்தாவதாக வரப்போகிறவரிடமிருந்து தொடங்குங்கள். போட்டி முடிந்ததும் அதே ஐந்தாமவர் தலையில் தோல்வியைக் கட்டிவிட்டுப் போகாதீர்கள்.

இந்த விளையாட்டு தெரியாத தமிழர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். புல்லிலும் மண்ணிலும் மேட்டிலும் பள்ளத்திலும் எல்லா டீம்களும் ஒன்றாக ஓடும். கான்ஃபரன்ஸ் போட்டியில் ஆண்களுக்கு வழக்கமாக 8 கிலோமீட்டர், பெண்களுக்கு 6. முதலில் வந்தவருக்கு 1 புள்ளி, நாற்பதாவதாக வந்தவருக்கு 40. ஒரு டீமின் முதல் ஐந்து பேர் பெற்ற இடங்களைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை குறைந்த டீமுக்குக் கோப்பை. ஒரே டீம் முதல் ஐந்து இடங்களையும் பிடித்தால் 15. அதற்குக் கீழே போக வழியில்லை. ஆறாவது, ஏழாவது ஆட்களின் இடம் கூட்டலில் சேராது. ஆனால் அவர்கள் எதிர் டீமின் ஐந்தாமவருக்கு முன்னால் வந்துவிட்டால் அவரை இரண்டு இடம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். கணக்கில் வராதவர் கணக்கை மாற்றுகிற இந்த இடம்தான் என்னை இந்த விளையாட்டோடு கட்டிப்போட்டது.

ஒரு டீமின் ஆட்கள் 1, 3, 4, 20, 41 என்று வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாலு இடத்தில் மூன்று அவர்களுடையது; படமெடுப்பவர்கள் எல்லாம் அவர்கள் பக்கம்தான் ஓடுவார்கள். இன்னொரு டீம் 8, 10, 12, 14, 16. முதல் ஏழு பேரில் அவர்கள் ஆள் ஒருவர்கூட இல்லை. கூட்டிப் பாருங்கள்: முதல் டீம் 69, இரண்டாவது டீம் 60. கோப்பை இரண்டாவது டீமுக்கு. முதல் டீமின் ஐந்தாமவர் 41-லிருந்து 32-க்கு முன்னேறியிருந்தால் இரண்டும் 60-இல் சமன். அப்போது ஒன்றாமவரோடு ஒன்றாமவர், இரண்டாமவரோடு இரண்டாமவர் என்று ஐந்து ஜோடிகளை ஒப்பிட்டு, அதிக ஜோடிகளில் முந்தியது எந்த டீம் என்று பார்ப்பார்கள். முதல் டீம் மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்திருக்கும். நடுக்கூட்டத்தில் பத்து வினாடிக்குள் ஒன்பது பத்துப் பேர்கூட வந்துவிடுவார்கள். ஆக, யாரும் பார்க்காத ஒருவர் கடைசி மேட்டில் பத்து வினாடி மிச்சம் பிடித்திருந்தால் கோப்பையே கை மாறியிருக்கும்.

ஏட்டுக்கணக்கு என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2022 நவம்பரில் ஓக்லஹோமாவின் ஸ்டில்வாட்டரில், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் தேசியப் போட்டியில் நார்தர்ன் அரிசோனா ஆண்கள் டீம் 83, ஓக்லஹோமா ஸ்டேட் 83. ஓக்லஹோமா ஸ்டேட் ஓடியது தன் சொந்தத் தளத்தில், தன் ஊர்க்காரர்கள் முன்னால். ஜோடி ஒப்பீட்டில் பட்டம் நார்தர்ன் அரிசோனாவுக்குப் போனது. அடுத்த ஆண்டு வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில்லில் பெண்கள் பிரிவில் நார்த் கரோலினா ஸ்டேட் 123, நார்தர்ன் அரிசோனா 124. புள்ளி பெற்ற இந்த ஐந்தைந்து பேரில் யாராவது ஒரு நார்தர்ன் அரிசோனா பெண், தனக்கு அடுத்து முன்னால் ஓடிய ஒரு நார்த் கரோலினா ஸ்டேட் பெண்ணைத் தாண்டியிருந்தால் 123-ம் 124-ம் அப்படியே இடம் மாறியிருக்கும். ஒரே ஒரு தாண்டல்! அதே 2023-இல் ஹார்வர்டின் கிரஹாம் பிளாங்க்ஸ் ஆண்கள் தனிநபர் பட்டத்தை வென்றார். ஹார்வர்டு உள்ளிட்ட எட்டுப் பழைய பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான ஐவி லீகிலிருந்து அதுவரை எந்த ஆணும் செய்யாத சாதனை. எழுந்து நின்று கை தட்ட வேண்டிய ஓட்டம் அது. ஆனாலும் டீம் கணக்கில் அவரால் தர முடிந்தது அந்த ஒன்றை மட்டும்தான். மீதி நாலு இடத்தை வேறு நாலு பேர் ஓடித்தான் நிரப்ப வேண்டும்.

இப்போது உங்கள் பட்டியல்களுக்கு வருகிறேன். பாதிக்கு மேல் எழுத்து யார் ஜெயிப்பார் என்பதற்கே போய்விடுகிறது. நாலாமவரையும் ஐந்தாமவரையும் சீசனில் ஓடிய நேரத்தை வைத்து ஒரே வீச்சில் வரிசைப்படுத்திவிடுகிறீர்கள். அந்த நேரம் எங்கே ஓடியது என்று பார்ப்பதில்லை. பென்சில்வேனியாவில் லீஹை பல்கலைக்கழகம் நடத்தும் பால் ஷார்ட் போட்டித் தளம் வேகத்துக்குப் பேர்போனது. கிழக்குக் கரை டீம்கள் பல அங்கேதான் நல்ல நேரம் எடுக்கும். அந்த நேரத்தை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து நியூயார்க்கின் மேடுபள்ளமான வான் கார்ட்லண்ட் பூங்காவில் வைத்தால் என்ன ஆகும்?

அந்தப் பூங்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்குப் பிடித்த கான்ஃபரன்ஸ் போட்டி பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். ஐவி லீகின் எட்டுப் பல்கலைக்கழகங்கள் மோதும் போட்டிக்கு ஹெப்டகோனல் என்று பெயர், பேச்சில் ஹெப்ஸ். 1930-களில் ஏழு கல்லூரிகளாக இருந்தபோது வைத்த பெயர். பிறகு பிரௌன் வந்து சேர்ந்தும் பெயர் மாறவில்லை. நியூயார்க்கில் 1-ஆம் எண் ரயிலின் கடைசி நிறுத்தமான 242-ஆம் தெருவில் இறங்கினால் பூங்கா எதிரிலேயே இருக்கிறது. உள்ளே ஆமைக்கும் முயலுக்கும் ஒரு வெண்கலச் சிலை உண்டு. நம் பிள்ளைகளுக்குச் சோறூட்டும்போது சொல்லும் அதே கதை. போகும்போதெல்லாம் ஒரு நிமிடம் அதன் பக்கத்தில் நின்றுவிட்டுத்தான் போவேன்.

தொடக்கம் விரிந்த சமதளப் புல்வெளியில். அங்கே எல்லோரும் வேகம். பிறகு கூட்டம் மரங்களுக்குள் புகுந்து, நெடுஞ்சாலைக்கு மேலே போகும் பாலத்தைக் கடந்து, பின்பக்க மேடுகளுக்குள் மறைந்துவிடும். பார்க்க வந்தவர்களுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. இரண்டாயிரம் மீட்டரில் முப்பதாவதாக இருந்த பையன் அந்த மேடுகளில் அறுபதுக்குப் போவதும், அறுபதில் இருந்தவன் முப்பத்தைந்துக்கு வருவதும் அங்கேதான் நடக்கும். நான் பாலத்துக்கு இந்தப் பக்கம் நோட்டோடு நின்றுகொண்டு, அவர்கள் திரும்பி வரும்போது பனியன் நிறம் பார்த்துக் கோடு போடுவேன். ஆரஞ்சு, கறுஞ்சிவப்பு, பச்சை, மறுபடி ஆரஞ்சு. முதல் பத்துப் பேர் இடைவெளி விட்டு வருவார்கள், எண்ணிவிடலாம். இருபத்தைந்துக்கு மேல் பனியன்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வரும். பேனா ஓடாது. கோச்மார்கள் தொண்டை கிழிய "முப்பத்தி மூணு! முப்பத்தி நாலு!" என்று அவரவர் ஆளுக்கு எண் சொல்லிக் கத்திக்கொண்டிருப்பார்கள். முன்னால் யார் ஓடுகிறார் என்று அந்த நேரத்தில் எந்தக் கோச்சும் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை. அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, கோப்பை எங்கே ஓடிக்கொண்டிருக்கிறது என்று.

கோச்மார் மனத்தில் இன்னொரு கணக்கும் ஓடும். கான்ஃபரன்ஸ் முடிந்து இரண்டு வாரத்தில் ரீஜனல் என்ற மண்டலப் போட்டி, அதற்கடுத்த வாரமே தேசியப் போட்டி. ஆண்களுக்கு அங்கே தூரமும் 10 கிலோமீட்டர் ஆகிவிடும். தேசியப் போட்டிக்குப் போவோம் என்று நம்பும் டீம், கெண்டைக்கால் பிடித்திருக்கும் ஒருவரை கான்ஃபரன்ஸில் உட்கார வைக்கலாம். அந்த நம்பிக்கை இல்லாத டீமுக்கோ கான்ஃபரன்ஸ்தான் ஆண்டின் பெரிய நாள்; உடம்பில் இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டுப் போவார்கள். நேரத்தை மட்டும் பார்த்துப் போடும் பட்டியலில் இந்தப் பசி எங்கே தெரிகிறது? போன வருடப் பட்டியலில் படிப்பு முடித்துப் போனவர்களை மட்டும் அடித்துவிட்டுக் கணிப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். போன வருடம் ஒன்பதாவது ஆளாக இருந்த முதலாண்டு மாணவன் ஒரு கோடைகாலம் ஒழுங்காக ஓடிவிட்டு வந்து நிற்பான். அவன் உங்கள் தாளில் இருக்கமாட்டான்.

இனி, இந்த மடலை எழுதவைத்த சம்பவம்.

என் அக்கா மகள் ஒரு கல்லூரிக்காக ஓடினாள். கல்லூரி பெயரும் கான்ஃபரன்ஸ் பெயரும் வேண்டாம். மூன்றாம் ஆண்டில் அவள் டீமின் ஐந்தாவது ஆள். போட்டிக்கு மூன்று நாள் முன்னால் ஒரு கணிப்பு வந்தது: இந்த டீம் இரண்டாவது வரும், இரண்டாமவள் 6-ஆவதாக வருவாள், பலவீனம் ஐந்தாவது ஆள், 58-ஆவதாக வருவாள். பக்கத்தில் அவள் முழுப்பெயர். பஸ்ஸில் போகும்போது டீம் முழுக்க அதைப் படித்திருக்கிறது. யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் தாங்க முடியவில்லை என்று பின்னால் சொன்னாள்.

போட்டியன்று மழை. இரண்டாவதாக ஓடும் பெண் முதல் கிலோமீட்டரிலேயே சேற்றில் வழுக்கி விழுந்து, எழுந்து ஓடி 19-ஆவதாக வந்தாள். என் மருமகள் 44. எல்லைக்கோட்டைத் தாண்டி முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றவள், என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "மாமா, நான் எத்தனாவது?" சொன்னேன். காலில் இருந்த சேற்றை விரலால் வழித்துக்கொண்டே, "அம்பத்தெட்டு இல்லையே?" என்றாள். "இல்லடா கண்ணு, நாப்பத்தி நாலு." அவள் சிரித்தாள். டீம் ஆறு புள்ளி வித்தியாசத்தில் கோப்பையை விட்டு இரண்டாவது வந்தது.

அன்று இரவு அதே ஆள் எழுதினார்: கணிப்பு பலித்தது, சொன்னபடியே இரண்டாம் இடம், ஐந்தாவது ஆள் கவிழ்த்துவிட்டாள்.

நான் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். இரண்டாமவள் கணிப்பைவிட 13 இடம் பின்னால் வந்திருக்கிறாள். ஐந்தாமவள் 14 இடம் முன்னால் வந்திருக்கிறாள். இரண்டு பெரிய தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, மொத்தம் ஏறக்குறைய சரியாக விழுந்திருக்கிறது. பலித்தது மொத்தம் மட்டும்தான். வரிக்கு வரி பார்த்தால் கணிப்பு தோற்றிருக்கிறது. டீமைக் கரைசேர்க்கப் பார்த்தவளே அவள்தான். அவளையா கவிழ்த்தவள் என்று எழுதுவது? விழுந்து எழுந்து பத்தொன்பதாவது வந்த அந்தப் பெண்ணையும் நான் குறை சொல்லவில்லை. சேறு யாரைக் கேட்டு வழுக்குகிறது.

அதனால்தான் கேட்கிறேன். போட்டி முடிந்ததும் மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டுவிட்டு நகராதீர்கள். ஒவ்வொரு டீமின் ஐந்து வரியையும் உங்கள் தாளோடு வைத்துப் பாருங்கள். எந்த வரியில் தவறினீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஐந்தாமவருக்கு ஒற்றை எண் போடாமல், "35-லிருந்து 50-க்குள்" என்று போடுங்கள். உண்மையில் உங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். டீம் பலவீனம் என்று சொல்ல வேண்டுமென்றால், முதலாமவருக்கும் ஐந்தாமவருக்கும் இடையே எத்தனை வினாடி இடைவெளி என்று எழுதுங்கள். அதற்குப் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளையின் பெயர் தேவையில்லை. ஜெயித்தால் பெயரைப் போடுங்கள், தாராளமாக.

இன்னொன்று. பிள்ளைகளின் சொந்தச் சமூக ஊடகக் கணக்குக்குச் செய்தி அனுப்பி, "கால் வலி எப்படி இருக்கு, சனிக்கிழமை ஓடுறியா?" என்று கேட்பதை நிறுத்துங்கள். 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, விளையாட்டின்மேல் பணம் கட்டும் பந்தயம் பல மாநிலங்களில் சட்டபூர்வமாகிவிட்டது. பந்தயம் கட்டுபவருக்கு உள்தகவல் போய்ச் சேர்ந்தால், என்.சி.ஏ.ஏ. விதிப்படி மாட்டிக்கொள்வது பிள்ளைதான். 2024 மார்ச்சில் என்.சி.ஏ.ஏ. தலைவர் சார்லி பேக்கரே, கல்லூரி விளையாட்டு வீரர்கள் ஒவ்வொருவர்மேலும் தனித்தனியாகப் பந்தயம் கட்டுவதைத் தடை செய்யச் சொன்னார். நீங்கள் ஆர்வத்தில் கேட்கலாம். அந்தப் பிள்ளைக்கு எதிர்முனையில் இருப்பது யார் என்று எப்படித் தெரியும்?

என் மருமகள் நாலாம் ஆண்டிலும் ஓடினாள். அந்த வருடம் அவளைப் பற்றி எந்தக் கணிப்பையும் அவள் படிக்கவில்லை. என் நோட்டை மட்டும் கேட்டு வாங்கிப் பார்த்தாள். அவள் வரியில் 30-லிருந்து 45-க்குள் என்று எழுதியிருந்தேன். "மாமா, இது ரொம்ப அகலமா இருக்கு" என்றாள். 28-ஆவதாக வந்தாள். அந்த வரியைச் சிவப்பில் அடித்திருக்கிறேன், நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

அடுத்த ஹெப்ஸ் வான் கார்ட்லண்டில் நடந்தால் பாலத்துக்கு இந்தப் பக்கம் நிற்பேன். உங்கள் தாளோடு வாருங்கள். இருபத்தைந்துக்கு மேல் எண்ண இன்னொரு ஜோடிக் கண் வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
பச்சை நோட்டுக்காரன்
நியூ ஜெர்சி