வால்வு பிடிக்குது தம்பி

மச்சி,

பாப்பா காதுகுத்துக்கு வராதவன் கடிதத்தை ஏன் படிக்கணும் என்று மடித்து வைத்துவிடாதே. ஷட்டவுன் நேரம்டா, லீவே கிடைக்கவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை. திருவொற்றியூர் வீடு அப்படியேதான் இருக்கிறது.

மணலி பிளான்ட்டில் மூன்று வருஷமாக மேனுவலில் கிடந்த டவர் டெம்பரேச்சர் லூப் ஞாபகம் இருக்கா? டவர் சூட்டைப் பார்த்து ஸ்டீம் வால்வைத் தானாகத் திறந்து மூடவேண்டிய கன்ட்ரோல், அதை ஆபரேட்டர்கள் கையால் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஆட்டோவில் போட்டால் அரைமணிக்கு ஒருதரம் ஏறி இறங்கும். வந்தவர்கள் எல்லாரும் சூடு விலகினால் வால்வை எவ்வளவு அசைக்கணும் என்கிற கெயினைக் குறைத்தார்கள், விலகல் தீரும்வரை சேர்த்துச் சேர்த்துத் தள்ளுகிற இன்டக்ரலைத் திருகினார்கள், நானும் ஒரு மாதம் அதையேதான் செய்தேன். லேப் சார் மனப்பாடம் பண்ண வைத்தாரே, 1942-இல் சீக்லரும் நிக்கல்ஸும் சொன்ன முறை, நிற்காத ஆட்டம் வரும்வரை கெயினை ஏற்றி அதில் 0.6 பங்கு வை என்று. ஓடுகிற டவரில் அதற்கு எந்த ஷிப்ட் இன்சார்ஜும் விடமாட்டார், விடவும் கூடாது.

ஒரு நைட் ஷிப்டில் டிரெண்ட் கிராஃபைப் பார்த்தேன். வால்வுக்குப் போகும் கன்ட்ரோலர் அவுட்புட் ரம்பப்பல் மாதிரி மெதுவாக ஏறுகிறது, ஸ்டீம் ஃப்ளோ அசையவே இல்லை, அப்புறம் படிக்கட்டு மாதிரி ஒரே குதி. டார்ச்சோடு போய் வால்வு ஸ்டெம்மில் சாக்பீஸ் கோடு போட்டேன். ஆபரேட்டர் அண்ணன் வாக்கி டாக்கியில் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு சதவீதமாக ஏற்றினார். 41, 42, 43, கோடு அப்படியே நின்றது. 44-இல் டக்கென்று எகிறியது. எப்போதோ ஸ்டீம் லீக்கை நிறுத்த, ஸ்டெம்மைச் சுற்றிப் பிடிக்கிற கிளாண்டை இறுக்கி வைத்திருக்கிறார்கள். வால்வு நகரும்வரை இன்டக்ரல் சேர்த்துக்கொண்டே போகும், நகர்ந்ததும் எல்லை தாண்டிவிடும். எந்த டியூனிங்காலும் இதைத் தீர்க்க முடியாது.

கிளாண்டுக்குள் இருக்கிற பேக்கிங்கை மாற்றிவிட்டு, வால்வை ஒருதரம் அசைத்துச் சூடு எப்படி மாறுகிறது என்று பார்க்கிற ஸ்டெப் டெஸ்ட் எடுத்தேன். சூடு அசைய ஆரம்பிக்கவே 2 நிமிஷம், அதுதான் டெட் டைம்; அப்புறம் பெரும்பகுதி மாற 8 நிமிஷம், அது டைம் கான்ஸ்டன்ட். லூப் எவ்வளவு வேகமாகத் திரும்பணும் என்கிற லாம்டாவை 6 நிமிஷம் என்று வைத்து, ப்ராசஸ் கெயினையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் கெயின் 0.8, இன்டக்ரல் 8 நிமிஷம். மாறுகிற வேகத்தைப் பார்க்கிற டெரிவேட்டிவ் போடவில்லை, சிக்னலில் இரைச்சல் அதிகம். இப்போது அரை டிகிரிக்குள் நிற்கிறதுடா!

மனசு ஆறாத விஷயம் வேறு. அந்த அண்ணன் மேனுவலில் ஒன்று இரண்டாக ஏற்றவே மாட்டார், ஒரேயடியாக ஐந்து ஏற்றிவிட்டுக் காத்திருப்பார். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. இரண்டு வருஷத்துக்கு முந்தின லாக் புக்கில் அவர் கையெழுத்தில் "வால்வு பிடிக்குது" என்று இருக்கிறது. அன்றைக்கு இரவும் அதையேதான் சொன்னார், "வால்வு பிடிக்குது தம்பி" என்று, கோபமே இல்லாமல்.

அதனால்தான் அமிலத்தன்மையைக் கட்டுப்படுத்துகிற உன் பிஹெச் லூப்பை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. 7-க்குப் பக்கத்தில் ஒரு சொட்டு ஆசிட்டுக்கே ஓடிப்போகிற சமாச்சாரம் அது. ஆட்டோ டியூன் சாஃப்ட்வேர் வாங்கப் போகிறேன் என்றாயே, அதற்கு முன்னால் ஒரு சதவீதம் ஏற்றி வால்வு நகர்கிறதா பார். உங்கள் ஆபரேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார். என்ன சொன்னார் என்று எழுது.

நம்ம ‘குட்டை’ பயலைப் பார்த்தால், எனக்குத் தரவேண்டிய அந்த ஐந்நூறை வாங்கி வை.