தண்ணீரை மட்டும் குறை சொன்னால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

வளரும் நாடுகளில் குழந்தைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கைப் பற்றி யார் எழுதினாலும் அசுத்தமான குடிநீரோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சரி, தண்ணீர் முக்கியம்தான். ஆனால் இரண்டு வயதுக்குள் வரும் கடுமையான வயிற்றுப்போக்கில் வைரஸ்களின் பங்கு பெரிது. அதில் முன்னால் நிற்பது ரோட்டா வைரஸ். 1973-இல் ஆஸ்திரேலியாவில் ரூத் பிஷப் குழுவினர் கண்டறிந்த இந்தக் கிருமி பணக்கார நாட்டுக் குழந்தையையும் விடுவதில்லை. உயிரைப் பறிப்பது பெரும்பாலும் ஏழை நாடுகளில்தான். அப்புறம் நோரோ, அடினோ, ஆஸ்ட்ரோ வைரஸ்களும் உண்டு.

முதலில் வாந்தி, காய்ச்சல்; பிறகு தண்ணீராகப் போகும். பதறிப்போய் ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்குகிறவர்கள் ஏராளம். வைரஸிடம் அது வேலையே செய்யாது. குழந்தையைக் காப்பாற்றுவது உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசல்தான். 'குடித்ததும் கக்கிவிடுகிறதே' என்று பலர் அதை நிறுத்திவிடுகிறார்கள். பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாகக் கொடுத்தால் பெரும்பாலும் உள்ளே தங்கும். கூடவே ஜிங்க் மாத்திரை 10 முதல் 14 நாள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கண் குழிந்து குழந்தை துவண்டுபோனால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

ரோட்டா தடுப்பு மருந்தை எல்லா நாடுகளும் தேசியத் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே சொல்லிவிட்டது. ஏழை நாடுகளில் அதன் பலன் குறைவு என்று காரணம் காட்டித் தள்ளிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நோய் அதிகம் உள்ள இடத்தில் பிழைக்கும் உயிர்களும் அதிகம். குழந்தைக்கு ஆறு வாரம் ஆனதும் முதல் தவணை கொடுக்கலாம் என்பதை உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒருமுறை கட்டம் கட்டிப் போடுங்கள்.

– வாசகர் ஒருவர்