அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வருடம் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். வயது எழுபத்தொன்பது, ஆனால் நினைவு தெளிவு, கட்டிலில் படுத்துக்கொண்டே குறுக்கெழுத்து போடுகிறவர். டாக்டரோ என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "வென்டிலேட்டர் வைக்கலாமா வேண்டாமா, நீங்கதான் சொல்லணும்" என்றார். மூச்சு அவருடையது, முடிவு மட்டும் என்னுடையதா? நானும் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டேன், இன்னும் உறுத்துகிறது.

அப்புறம்தான் தெரிந்தது, எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று 2018 மார்ச் 9 அன்றே உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது, கண்ணியமாக இறப்பதும் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவுக்குள் வருமாம். முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து கேட்டார்கள். சாமானியனுக்கு நடக்கிற காரியமா அது? 2023 ஜனவரியில் அதை மாற்றி, இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெஜடட் அதிகாரி போதும் என்றாக்கிவிட்டார்கள்.

சரி, வீட்டில் இதை எடுத்தாலே "அபசகுனமாப் பேசாதே" என்கிறார்கள். சொத்தை யார் பெயருக்கு எழுதுவது என்று பேசும்போது மட்டும் அந்தச் சகுனம் எங்கே போகிறதோ! எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று போன மாதம் எனக்கு நானே எழுதி வைத்துவிட்டேன். மனைவி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, மூன்றாம் நாள் தனக்கும் ஒரு தாள் கேட்டாள்.

ஒரு வாசகர்,
திருச்சி