ஒரு மணி நேரமும் வேலைதான்

ஆசிரியருக்கு,

கிளிநொச்சியில் வேலையின்மை குறைவென்று அறிக்கை வந்தால் சனம் சிரிக்கிறது. சிரிப்பதற்கு முன் வரைவிலக்கணத்தைப் பாருங்கள். சர்வதேச நியமப்படி, குறித்த வாரத்தில் கூலிக்கோ இலாபத்துக்கோ ஒரு மணி நேரம் உழைத்தவரும் தொழில்புரிபவரே. வேலையற்றவர் என்றால் வேலை தேடியும் இருக்கவேண்டும், சேர ஆயத்தமாகவும் இருக்கவேண்டும். காலபோக அறுவடை முடிந்து, தேடிப் பலனில்லையென்று தேடாமலே வீட்டிலிருப்பவர் இரண்டிலும் சேரார். சர்வதேச தொழிற் புள்ளிவிபரவியலாளர் மாநாட்டின் 2013 ஆம் ஆண்டுத் தீர்மானமோ, பிரதானமாக வீட்டுச் சாப்பாட்டுக்கு நெல் விதைப்பவரையும் தொழில்புரிபவராக எண்ணாது. எனவே “கூடுதல் பங்கு விற்கவா, வீட்டுக்கா?” என்று கணக்கெடுப்பவர் கேட்டே ஆகவேண்டும். இலங்கை 1993 இல் ஏற்ற, சர்வதேச தொழிலாளர் தாபனத்தின் 160 ஆம் இலக்கச் சமவாயம் வரைவிலக்கணங்களையும் முறையியலையும் வெளியிடச் சொல்கிறது. அவை மாவட்ட அட்டவணைக்குக் கீழேயே, தமிழில் அச்சாகட்டும்.

வாசகர்கள்,
கிளிநொச்சி.