மலை இறங்கச் சொல்லும் அண்ணாச்சிக்கு

வண்டிப்பெரியார்,
கர்க்கடகம் (நமக்கு ஆடி)

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். உங்கள் கடிதம் கிடைத்தது. மதினி கம்பில்லாமல் அடுப்படி வரைக்கும் போய் வருகிறார்கள் என்று வாசித்ததில் ரொம்பச் சந்தோஷம். காது மிஷினை நீங்கள் டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டதாக அவர்கள் கடிதத்தின் அடியில் தனியாக இரண்டு வரி எழுதியிருக்கிறார்கள். மாட்டிக்கொள்ளுங்கள், அண்ணாச்சி. முதலில் எல்லாமே இரைச்சலாகத்தான் கேட்கும். தினமும் கொஞ்ச நேரம் போட்டுப் பழகினால்தான் எது பேச்சு, எது ஃபேன் சத்தம் என்று பிரித்துக் கேட்க வரும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். "இந்த வயசுல அந்த மழைக்குள்ள என்னத்துக்கு ஓய் கெடக்கீரு, நாசரேத்துக்கு வந்துரும்" என்று எழுதியிருக்கிறீர்கள். மழை ஜூனில் பிடித்தது, விட்டபாடில்லை. துவைத்த வேட்டி காய்வதில்லை, அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போட்டால் புகை நாற்றம். பைபிள் அட்டையில்கூடப் பூஞ்சை. முழங்கால் இரண்டும் ராத்திரி முழுக்க விறைத்துக் கிடக்கும். விடிந்ததும் கட்டிலில் உட்கார்ந்தபடியே காலை நீட்டி மடக்கி, நீட்டி மடக்கி, அப்புறம்தான் தரையில் ஊன்றுகிறேன். அவசரப்பட்டு எழுந்தால் பிரஷர் மாத்திரை தலையைச் சுற்ற வைத்துவிடும்.

நீர் மாத்திரைதான் பெரிய தொல்லை. காலையில் போட்டால் மதியம் வரைக்கும் கக்கூஸ் பக்கத்திலேயே இருக்க வேண்டும். லயங்களில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளில், கக்கூஸ் வெளியே இருக்கும், அதுவும் வழுக்குப் படியில் இறங்கித்தான் போக வேண்டும். டாக்டரிடம் வெட்கத்தை விட்டுச் சொன்னேன். லயத்துக்குப் போகிற நாளில் திரும்பி வந்து மதியம் போடுங்கள், ரொம்பத் தாமதித்தால் ராத்திரித் தூக்கம் கெடும் என்றார். இவ்வளவுதான் விஷயம். இதைக் கேட்காமல் எத்தனை ஊழியக்காரர்கள் மாத்திரையையே விட்டுவிட்டுக் கால் வீங்கித் திரிகிறார்கள், உங்களுக்கே தெரியும்.

அட்டைக் கடியைப் பற்றி எழுதினால் மதினி பயப்படுவார்கள், நீங்கள் மட்டும் வாசியுங்கள். கடிக்கும்போது தெரியவே தெரியாது. ரத்தம் உறையாமலிருக்க அது வாயிலிருந்து ஒன்றை விடுகிறது. இதயத்துக்கென்று நான் தின்கிற ஆஸ்பிரினும் ஏறக்குறைய அந்த வேலையைத்தான் பார்க்கிறது. இரண்டும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? போன வாரம் ஒரு வீட்டில் ஜெபித்து முடித்துக் கண்ணைத் திறந்தால், சாக்ஸ் முழுக்கச் சிவப்பு. அந்த வீட்டுப் பெண் பதறவில்லை. சுத்தமான துணியை மடித்துக் கடிவாயில் அழுத்திப் பிடித்து, என் காலைத் தூக்கி ஒரு சாக்கு மூட்டைமேல் வைத்துவிட்டுக் கட்டன் சாயா போடப் போனாள். கிளம்பும்போது உப்பும் புகையிலைத் தூளும் கட்டிய சின்னத் துணி முடிச்சு ஒன்றும் தந்தாள். கொழுந்து கிள்ளப் போகிறவர்கள் வைத்திருப்பது. இப்போது என் பையிலும் அது உண்டு.

முட்டிக்குக் கொட்டஞ்சுக்காதித் தைலம். நான் கோயிலுக்குள் நுழையுமுன்பே தைல வாசனை நுழைந்துவிடுகிறது என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கர்க்கடகம் என்பதால் பக்கத்து வீட்டுச் சேச்சி மருந்துக் கஞ்சி கொடுத்தனுப்புகிறார்கள். வெல்லம் போடாமல் எனக்கென்று தனியாக எடுத்து வைப்பார்கள். வெந்தயக் கசப்பு நாக்கைவிட்டுப் போக அரை நாள் ஆகும்.

இப்போது முக்கியமான விஷயம். பாளையங்கோட்டையில் 1903-ல் அசரியா ஐயர் மிஷனெரி சங்கம் தொடங்கிய நாளிலிருந்து, நம் ஆட்களுக்கு ஊழியமென்றால் நடைதான். நீங்கள் தெலுங்கு நாட்டு டோர்ணக்கல் வெயிலில் சைக்கிள் மிதித்த கதையை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். நானும் முன்பெல்லாம் ஒரு லயத்தில் நுழைந்தால் வாசலில் நின்றபடியே ஜெபித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். "சுகமா?" என்பேன், "சுகம் ஐயா" என்பார்கள். இப்போது நிற்க முடியவில்லை. தாழ்வான பலகையில் உட்கார்ந்தால் எழவும் முடியவில்லை. ஆகவே படுத்திருக்கிறவர்களின் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிடுகிறேன். ஆயுசு முழுக்கக் கொழுந்து கிள்ளி விரல் கோணிப்போன ஒரு பாட்டி, "ஐயா, ஒங்களுக்கும் ராத்திரி கெண்டைக்கால் இழுக்குதா?" என்று கேட்டாள். இழுக்கிறது என்றேன். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. மகன் திருப்பூரில் இருப்பது, மருமகள் பேசாதது, 2000-ஐ ஒட்டித் தேயிலை விலை விழுந்து எஸ்டேட்டைப் பூட்டிவிட்டுப் போனதும் வர வேண்டிய பணம் வராமலே நிற்பது, எல்லாம் வந்தது. இத்தனை வருஷம் அதே வாசலில்தான் நின்றிருக்கிறேன்.

அந்தப் பாட்டியைப் பார்க்கப் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸும் வருகிறார். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று கேரள அரசு 2008-லேயே கொள்கை வகுத்துவிட்டது. நர்ஸ் புண்ணைக் கழுவிக் கட்டும்போது நான் பாட்டியோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பேன். அதற்குக் கால் பலம் வேண்டாம்.

வலியைச் சொல்லாமல் பொறுப்பதுதான் பரிசுத்தம் என்று நம் கன்வென்ஷன்களில் பேசுவார்களே, எனக்கு அதில் சம்மதமில்லை. டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931-ல் களக்காட்டில் குழியில் விழுந்து கால் ஒடிந்த பிறகு, 1951-ல் கண்மூடும் வரை பெரும்பாலும் ஒரே அறையில்தான் கிடந்தார்கள். கடிதமும் புத்தகமும் அந்தப் படுக்கையிலிருந்தே வந்தன. பவுலும் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கு மருந்துதான் சொன்னார், "பொறுத்துக்கொள்" என்று எழுதி அனுப்பவில்லை.

ஆகவே இப்போதைக்கு நான் இறங்கவில்லை. ராத்திரி ஒண்ணுக்குப் போகும்போது ஒரு தடவை விழுந்தாலும், பெட்டியைக் கட்டிவிடுகிறேன் என்று மகளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். குளியலறையில் கைப்பிடிக் கம்பி அடித்தாயிற்று, படுக்கையிலிருந்து அங்கே போகிற வழியில் ராத்திரி முழுக்க ஒரு சின்ன பல்பும் எரிகிறது. பென்ஷன்தான் இரண்டு மாதமாக வரவில்லை. யாரிடம் கேட்டாலும் அடுத்த மேசையைக் கையைக் காட்டுகிறார்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் கண் ஆபரேஷனுக்குத் திருநெல்வேலி வருகிறேன். குமுளியில் பஸ் ஏறினால் கம்பம், தேனி, மதுரை என்று ஒரு பகல் போய்விடும், அதனால் அன்று ராத்திரி உங்கள் வீட்டில்தான். மேலே மாடியில் படுக்கை போட வேண்டாம், படி ஏற மாட்டேன். உடன்குடிக் கருப்பட்டி எடுத்து வைக்காதீர்கள், சர்க்கரை ஏறிக் கிடக்கிறது. நல்ல சுக்கு இருந்தால் கால் கிலோ வாங்கி வையுங்கள். வரும்போது காது மிஷினை மாட்டியிருங்கள், கத்திப் பேச எனக்கு மூச்சு பற்றாது.

மதினிக்கு என் தோத்திரம்.

அன்புடன்,
உங்கள் தம்பி