2005-இல் எங்கள் அணியைத் தாங்கியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

ரஸ்டன் நகரத்து மக்களுக்கும், லூயிசியானா டெக் பல்கலைக்கழகத்தாருக்கும், ஜாக்சனிலும் டாலஸிலும் ஷ்ரீவ்போர்ட்டிலும் எங்களை ஏற்றுக்கொண்ட அனைவருக்கும்,

வணக்கம்.

2005-ஆம் ஆண்டில் துலேன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி ஆடி முடித்த பருவத்துக்காக உங்களுக்கு நன்றி சொல்லவே இம்மடலை எழுதுகிறேன். நியூ ஆர்லியன்ஸில் உள்ள அந்தப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்க வந்து அப்போது எனக்கு மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. இந்த நன்றியை ஆங்கிலத்தில் பலரும் பலமுறை சொல்லிவிட்டார்கள். நன்றி என்ற சொல்லை நான் முதன்முதலில் கற்றுக்கொண்ட மொழியில் அதைச் சொல்லாமல் இத்தனை ஆண்டுகள் வைத்திருந்தது தீராத கடனாக மனத்தில் நிற்கிறது.

ஆகஸ்ட் 27, புதிய மாணவர்கள் விடுதிக்குக் குடிவரும் நாள். பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த பெற்றோரிடமே, பிள்ளைகளைத் திரும்ப அழைத்துச் செல்லுமாறு பல்கலைக்கழகத் தலைவர் ஸ்காட் கோவன் சொல்ல வேண்டியதாயிற்று. 29-ஆம் தேதி கத்ரினா சூறாவளி கரையைக் கடந்தது. வெள்ளத்தடுப்புக் கரைகள் உடைந்து நகரின் சுமார் 80 சதவீதம் நீரில் மூழ்கியது. எங்கள் அணியின் சொந்த மைதானமான சூப்பர்டோம், போக்கிடமற்ற ஆயிரக்கணக்கானோரின் புகலிடமாக மாறியது. இலையுதிர்காலப் பருவம் முழுவதும் வகுப்புகள் இல்லை என்று அறிவிக்கப்பட்டது. கல்லூரியே மூடியிருக்கும்போது கல்லூரி அணி எப்படி ஆடும் என்று நான் நினைத்தேன்.

அணியினர் புயலுக்கு முன்பே, சில நாள்களில் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தில் கொஞ்சம் துணிகளோடு மட்டும், ஜாக்சன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குச் சென்றிருந்தார்கள். ஜாக்சன் ஸ்டேட்டைச் சேர்ந்தவர்களே, உங்கள் நகரத்திலும் அந்தப் புயல் அடித்தது. உங்களுக்கும் மின்சாரம் போனது. அப்படியிருந்தும் உங்கள் உடற்பயிற்சிக் கூடத்தின் தரையில் எங்கள் பிள்ளைகளுக்குப் படுக்க இடம் கொடுத்தீர்கள். அங்கிருந்து அணி டாலஸுக்குப் போனபோது சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் தன் பயிற்சித் திடலைத் திறந்துவிட்டது. அந்த ஆண்டுதான் அவர்கள் எங்கள் லீக்கில் சேர்ந்திருந்தார்கள்; அதே மாதம் எங்களோடு மோத வேண்டியவர்கள். திடலைக் கொடுத்து உதவிய அவர்களைத்தான் அந்தப் பருவத்தின் இரண்டாவது ஆட்டத்தில் எங்கள் அணி வென்றது. அவர்களுக்கு நான் சொல்லும் நன்றியில் மரியாதையும் கலந்திருக்கிறது.

ஆனால் என் நன்றியில் பெரும்பங்கு ரஸ்டனுக்கே உரியது. அங்குள்ள லூயிசியானா டெக்கில் அப்போது ஆண்டை மூன்று கல்விப் பருவங்களாகப் பிரித்து நடத்தியதால் செப்டம்பரில்தான் வகுப்புகள் தொடங்கின. அதனால்தான் எங்கள் வீரர்கள் ஓர் ஆண்டுப் படிப்பை இழக்காமல் அங்கே சேர முடிந்தது. ஒரு கால்பந்து அணியைத் தங்கவைப்பது விருந்தாளிகளைத் தங்கவைப்பது போன்றதன்று. அந்நாளில் ஓர் அணியில் கல்வி உதவித்தொகை பெறும் வீரர்களே 85 பேர் வரை இருந்தார்கள். பயிற்சியாளர்கள், காயத்துக்குக் கட்டுப்போடுபவர்கள், உபகரணங்களைப் பார்த்துக்கொள்பவர்கள் தனி. இத்தனை பேருக்கும் படுக்கை, மூன்று வேளை உணவு, நாள்தோறும் துவைத்த உடுப்பு, வகுப்பறையில் இடம், பாடத்தில் பின்தங்குவோருக்கு உதவி எல்லாம் வேண்டும். அதே மாநிலத்தில், அதே பள்ளிகளிலிருந்து வீரர்களைத் தேர்ந்தெடுக்கப் போட்டியிடும் இன்னோர் அணிக்குத் தன் எடைப்பயிற்சி அறையையும் திடலையும் பகிர்ந்து கொடுப்பது எளிதன்று. தலைவர் டான் ரெனோவும், அப்போதைய பயிற்சியாளர் ஜாக் பிக்னெல்லும், பெயர் அறியாத சமையற்காரர்களும் விடுதிக் காப்பாளர்களும் அதைச் செய்தீர்கள்.

செப்டம்பர் 17 அன்று ஹூஸ்டனிலிருந்து நண்பர்களோடு காரில் வந்து, ஷ்ரீவ்போர்ட்டின் இண்டிபெண்டன்ஸ் மைதானத்தில் முதல் ஆட்டத்தைப் பார்த்தேன். மிசிசிப்பி ஸ்டேட் 21, துலேன் 14. விதிகள் எனக்குப் பாதிதான் புரிந்தன. ஆனால் குடும்பம் எங்கே இருக்கிறது, வீடு நிற்கிறதா என்பதே பல நாள் தெரியாமல் தவித்த இளைஞர்கள் தோள்கவசம் அணிந்து வரிசையாக வெளியே வந்தபோது எழுந்து நின்ற கூட்டத்தில், எங்கள் அணியின் பச்சை நிறத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத உள்ளூர்க்காரர்கள் பலர் இருந்ததைக் கண்டேன். அந்த அணியில் மேட் ஃபோர்ட்டே என்னும் மாணவரும் இருந்தார். புயலால் கடுமையாகச் சிதைந்த ஸ்லைடெல் ஊர்க்காரர். பின்னாளில் அவர் சிகாகோ பேர்ஸ் என்னும் தொழில்முறை அணியில் புகழ்பெற்றபோதெல்லாம் எனக்கு அந்த மாலையே நினைவுக்கு வந்தது.

அந்தப் பருவத்தில் எங்கள் அணி 11 வாரங்களில் 11 ஆட்டங்களை 11 வெவ்வேறு மைதானங்களில் ஆடியது. பேட்டன் ரூஜும் லஃபாயெட்டும் எங்களுக்காக மைதானத்தைத் திறந்தன. ரஸ்டன் தன் ஜோ ஏலெட் மைதானத்தையும் கொடுத்தது. சொந்த ஊர் ஆட்டம் என்று அட்டவணையில் அச்சிட்டிருந்த நாள்களிலும் வீரர்கள் பேருந்தில்தான் பயணம் செய்தார்கள். வெற்றி 2, தோல்வி 9. தலைமைப் பயிற்சியாளர் கிறிஸ் செல்ஃபோவின் கணக்கில் அதை ஒரு மோசமான ஆண்டாக எழுதுபவர்களோடு நான் உடன்படுவதில்லை. ஒருவரையும் சிதறவிடாமல் டிசம்பர் வரை அணியைக் கொண்டுசேர்த்த அவருக்கும், ஆடிய ஒவ்வொரு வீரருக்கும் என் நன்றி. கால்பந்து எழுத்தாளர்கள் சங்கம் அந்த ஆண்டின் துணிவு விருதை முழு அணிக்கும் வழங்கியது சரியான தீர்ப்பு என்றே இன்றும் கருதுகிறேன். 2021-இல் ஐடா புயலின்போது அணிக்கு இடமளித்த அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரத்தாருக்கும் இம்மடல் உரியது.

2023 ஜனவரி 2 அன்று, டாலஸை ஒட்டிய ஆர்லிங்டனில் காட்டன் பவுல் என்னும் கல்லூரிக் கால்பந்து ஆட்டத்தின் கடைசி 9 நொடிகளில் முன்னேறி, தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தை 46-45 என்று எங்கள் அணி வென்றதை நேரில் பார்த்தேன். மறுநாள் ஊர் திரும்பும்போது, ஷ்ரீவ்போர்ட்டில் தெற்கே திரும்பாமல், சுற்று என்று தெரிந்தே 20-ஆம் எண் நெடுஞ்சாலையில் நேராக ரஸ்டன் வரை வந்தேன். பெட்ரோல் நிரப்பிய இடத்தில் பணம் வாங்கிய பெரியவர் என் பச்சைச் சட்டையைப் பார்த்துவிட்டு, நம் பிள்ளைகள் ஜெயித்துவிட்டார்களே என்றார். ஐயா, அன்று எனக்குப் பேச்சு வரவில்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டு வந்துவிட்டேன். உங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்ததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

மிகுந்த நன்றியுடன்,
துலேனின் முன்னாள் மாணவன் ஒருவன்